கோலின் உச்சியில் வெள்ளைக் கிண்ணம்: நில அளவைக் கருவியிலிருந்து கதிர் வருமா?

சாலை விரிவாக்கம் நடக்கும் இடத்திலும், செம்பனை மறுநடவுக்குத் தயாராகும் தோட்டத்திலும், புதிய தாமான் எழப்போகும் மேட்டிலும் இன்று ஒரே காட்சியைப் பார்க்கலாம். பளிச்சென்ற பாதுகாப்புச் சட்டை அணிந்த இளைஞர் ஒருவர், இரண்டு மீட்டர் உயரக் கோலைத் தரையில் ஊன்றி நிற்கிறார். கோலின் உச்சியில் கவிழ்த்து வைத்த கிண்ணம்போல் வெள்ளை நிறத்தில் ஒரு கருவி. கையிலிருக்கும் திரையைத் தட்டுகிறார், சில விநாடி காத்திருக்கிறார், அடுத்த இடத்துக்கு நகர்கிறார். முன்பு ரெந்திஸ் வெட்டி, சங்கிலி இழுத்து, நான்கைந்து பேர் ஒரு நாள் முழுக்கச் செய்த வேலையை அவர் மதியத்துக்குள் முடித்துவிடுகிறார்.

பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகமும் வருகிறது. "தம்பி, அதுல இருந்து கதிர் ஏதும் வருமா? வீட்டுல மாசமா இருக்கிற பொண்ணு இருக்கு" என்று வேலியோரம் நின்று கேட்பவர்கள் உண்டு. கைப்பேசிக் கோபுரம் வேண்டாம் என்று தாமான்வாசிகள் கையெழுத்து திரட்டும் நாட்டில் இந்தக் கேள்வி எழுவதில் வியப்பில்லை. கேள்வியும் நியாயமானதே. ஆனால் விரல் நீட்டப்படும் இடம்தான் தவறு. அந்த வெள்ளைக் கிண்ணத்தை நினைத்து வீட்டுக்காரர் கவலைப்பட ஏதுமில்லை. கவனிக்க வேண்டிய பெட்டி அங்கிருந்து சில நூறு மீட்டர் தள்ளி, ஒரு முக்காலியின் காலடியில், கார் பேட்டரியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். அதன் பக்கத்தில், குடை நிழலில், பெரும்பாலும் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

கேட்கும் காது

வெள்ளைக் கிண்ணத்தின் முக்கிய வேலை கேட்பது. அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய நான்கு செயற்கைக்கோள் கூட்டங்களும் இடைவிடாமல் நேரக் குறிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொரு குறிப்பும் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்து, கருவி தன் இடத்தைக் கணக்கிடுகிறது.

அவ்வளவு தொலைவு கடந்துவரும் சமிக்ஞை எவ்வளவு வலுவோடு இருக்கும்? தரையை எட்டும்போது அது 0.0000000000000001 வாட் அளவில்தான் இருக்கிறது. புள்ளிக்குப் பின் 15 பூஜ்யங்கள், பிறகு ஒன்று. இது எல்லோர் தலைமீதும் இரவு பகலாக விழுந்துகொண்டே இருக்கிறது. அளவைக் கருவி வந்ததால் கூடுவதில்லை, போனதால் குறைவதுமில்லை. முதிர்ந்த செம்பனை மரங்களின் ஓலைகளுக்கு அடியில் நின்றால் கருவி தடுமாறுவதற்கும் இதுவே காரணம். ஓலை தடுத்துவிடும் அளவுக்கு மெலிந்த சமிக்ஞை அது. அதனால்தான் வளர்ந்த தோட்டத்துக்குள் இன்றும் பழைய முறையில் கண்ணாடி வைத்துப் பார்த்து அளக்கிறார்கள்.

ஆனால் வெறும் ஜிபிஎஸ் கேட்டால் சில மீட்டர் பிழை இருக்கும். கைப்பேசி வரைபடத்துக்கு அது போதும். எல்லைக் கல்லுக்குப் போதாது. சென்டிமீட்டர் துல்லியம் வேண்டுமானால், சரியான இடம் முன்கூட்டியே தெரிந்த ஒரு புள்ளியில் இரண்டாவது கருவியை நிறுத்த வேண்டும். அந்த நிலையக் கருவி, வந்துசேரும் சமிக்ஞையில் எவ்வளவு பிழை என்பதைக் கண்டறிந்து, கோலோடு நடப்பவருக்கு விநாடிக்கு ஒருமுறை திருத்தம் அனுப்பும். ஆர்டிகே என்று அளவையாளர்கள் சொல்வது இந்த முறையைத்தான். திருத்தத்தை அனுப்புவதற்குத்தான் வானொலி அலை தேவைப்படுகிறது. கேட்டுக்கொண்டிருந்த கருவி இங்கே பேசத் தொடங்குகிறது.

பேசும் வாய்

பேச இரண்டு வழிகள் உண்டு. நாட்டின் நில அளவை, வரைபடத் துறையான ஜுப்பெம், மைஆர்டிகேநெட் என்ற நிலையான நிலையங்களின் வலையமைப்பை நடத்துகிறது. அதில் பதிந்துகொண்டவர்கள் இணையத் தரவு வழியாகத் திருத்தத்தைப் பெறலாம். கிண்ணத்துக்குள் சிம் அட்டை இருக்கும், அல்லது கையிலிருக்கும் திரைக் கருவியில் இருக்கும். தனி நிலையக் கருவி தேவையில்லை. கிள்ளான், சிரம்பான், ஈப்போ போன்ற நகரங்களில் வேலை பெரும்பாலும் இப்படி முடிந்துவிடும்.

இரண்டாவது வழி, கைப்பேசி 'லைன்' கிடைக்காத இடங்களுக்கு உரியது. உட்புறத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கோடு லைனுக்காக மேட்டில் ஏறி நின்றவர்கள் அவர்கள். அத்தகைய இடத்தில் அளவைக் குழு தன் சொந்த நிலையக் கருவியை நிறுத்தி, யுஎச்எப் வானொலிக் கருவியால் திருத்தத்தை ஒலிபரப்புகிறது. 410 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இவை பொதுவாக இயங்கும்.

இங்கே சக்தியின் அளவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கிண்ணத்திலுள்ள புளூடூத் சில மில்லிவாட், மிஞ்சினால் 100 மில்லிவாட். 4ஜி மோடம் அதிகபட்சம் 200 மில்லிவாட். சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசியும் அதே அளவுதான். நிலையக் கருவிக்குள்ளேயே பொருத்தப்பட்ட சிறு யுஎச்எப் அலைபரப்பி அரை வாட் முதல் 2 வாட் வரை. வெளியே தனிப்பெட்டியாக வைக்கும் பெரிய அலைபரப்பி 25 அல்லது 35 வாட். முதலாவதையும் கடைசியையும் 'கதிர்' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவது, ஊதுபத்தியையும் விறகடுப்பையும் 'நெருப்பு' என்று சொல்வதைப் போன்றது.

கோலோடு நடக்கும் கருவி யுஎச்எப் அலையைப் பெறுகிறதே ஒழிய அனுப்புவதில்லை என்பதையும் பலர் அறிவதில்லை. அதிலிருந்து வெளியேறுவது புளூடூத், வைஃபை, சிம் மோடம் ஆகியவற்றின் அலை மட்டுமே. வேலியோரம் நின்று கேட்ட அந்தக் குடும்பத்தின் கையிலுள்ள கைப்பேசியே அவர்களுக்கு அதைவிட நெருக்கமான அலைபரப்பி.

என்ன தீங்கு?

இந்த அலைகள் எக்ஸ்ரே வகையைச் சேர்ந்தவை அல்ல. அணுக்களை உடைக்கும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை. ஐயமின்றி நிறுவப்பட்ட முதன்மை விளைவு சூடாவது: மிக அருகில், மிகுந்த சக்தியில் இருந்தால் உடல் திசு வெப்பமடையும். அயனியாக்காக் கதிர்ப் பாதுகாப்புக்கான அனைத்துலக ஆணையம் 1998-இல் வெளியிட்டு 2020-இல் புதுப்பித்த வரம்புகள் இந்த விளைவை அடிப்படையாகக் கொண்டு, அதற்கு வெகு கீழே வகுக்கப்பட்டவை. புற்றுநோய் பற்றியும் சொல்லியாக வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011 மே மாதம் வானொலி அலைகளை '2பி', அதாவது 'காரணமாக இருக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது. சான்று போதாது, ஆனால் ஒதுக்கித்தள்ளவும் முடியாது என்பதே அதன் பொருள். ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. பயமுறுத்த நினைப்பவர்கள் முதல் தகவலை மட்டும் சொல்வார்கள். மழுப்ப நினைப்பவர்கள் இரண்டாவதை மட்டும் சொல்வார்கள்.

அனைத்துலக வரம்பின்படி 450 மெகாஹெர்ட்ஸ் அலைக்குப் பொதுமக்கள்மீது படக்கூடிய உச்ச அளவு ஒரு சதுர மீட்டருக்கு 2.25 வாட். இதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். 35 வாட் அலைபரப்பி ஒன்று, சக்தியை மூன்று மடங்கு ஒருமுகப்படுத்தும் ஆண்டெனாவோடு இடைவிடாமல் ஒலிபரப்பினால், அந்த வரம்பை எட்டும் தூரம் ஏறக்குறைய 2 மீட்டர். அதே ஆண்டெனாவில் சக்தியை 4 வாட்டாகக் குறைத்தால் 70 சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். நிலையக் கருவிக்குள்ளிருக்கும் 1 வாட் அலைபரப்பிக்குக் கால் மீட்டர். திருத்தம் விட்டுவிட்டு அனுப்பப்படுவதால் உண்மையான சராசரி இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் பாதுகாப்புக் கணக்கை மோசமான நிலைக்குப் போடுவதே முறை.

பயிற்சி பெற்ற பணியாளருக்கான வரம்பு பொதுமக்களுக்கானதைவிட ஐந்து மடங்கு தளர்வானது. 35 வாட் கருவியிடம் அவர் சுமார் 90 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். இந்தச் சலுகையில் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. ஆபத்து என்ன, எப்போது விலக வேண்டும், எப்படி நிறுத்துவது என்று தெரிந்தவருக்கே அது பொருந்தும். சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது.

ஜாகா பார்ப்பவர்

நிலையக் கருவியைத் தனியே விட்டுப் போக முடியாது. விலை உயர்ந்த பொருள். திருடு போகும், மாடு முட்டும், மழை வரும். ஆகவே ஒருவரை ஜாகா பார்க்க உட்கார வைப்பது உண்டு. பெரும்பாலும் தினக்கூலிக்கு வந்த உதவியாளர், அல்லது வேலை ஓய்ந்துபோன பெரியவர். காலையில் அளவைக் குழு முக்காலியை நிறுத்தி, ஆண்டெனாவைச் சொருகி, சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய்விடும். அவர் எங்கே உட்காருவார்? வெயிலுக்குக் குடை பிடித்த இடத்தில். குடை எங்கே இருக்கும்? பேட்டரியும் பெட்டியும் நனையாமலிருக்க, கருவிக்குப் பக்கத்தில்.

குழுவிலேயே குறைந்த கூலி வாங்குபவர், அலைபரப்பிக்கு மிக நெருக்கமாக, எட்டு மணி நேரம் இருக்கிறார். அவருக்கு யாரும் எதையும் விளக்கியிருக்க மாட்டார்கள். அனைத்துலக வரம்பின் பார்வையில் அவர் பணியாளர்கூட அல்லர். சாலையில் போகும் பொதுமக்களில் ஒருவர். ஆண்டெனா அவர் தலை உயரத்தில் ஒரு மீட்டர் தூரத்தில் 35 வாட்டில் பேசிக்கொண்டிருந்தால், அது வரம்பை மீறிய நிலை.

இதைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை. ஆண்டெனாவை மூன்று மீட்டருக்கு மேல் உயர்த்தினால் அது தலையைவிட்டு விலகும். சமிக்ஞையும் கூடுதல் தூரம் போகும். யுஎச்எப் அலையைப் பொறுத்தவரை, தூரத்தைத் தீர்மானிப்பதில் வாட்டைவிட உயரத்துக்கே பங்கு அதிகம். ஐம்பது ஏக்கர் நிலத்தை அளக்க 35 வாட் எதற்கு என்பது அடுத்த கேள்வி. பல கருவிகளில் சக்தியைக் குறைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. வாங்கிய நாளில் இருந்த உச்ச அளவிலேயே விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. குடையையும் நாற்காலியையும் மூன்று, நான்கு மீட்டர் தள்ளிப் போட்டாலும் கருவி கண்பார்வையிலேயே இருக்கும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவரை இந்த வேலைக்கு உட்கார வைக்கக் கூடாது. கைப்பேசியையே 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள் பேஸ்மேக்கர் தயாரிப்பாளர்கள். 35 வாட் கருவி பற்றி மருத்துவரைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாது. ஒலிபரப்பும்போது ஆண்டெனாவைத் தொடக்கூடாது, தோல் சுடும். ஆண்டெனா சொருகாமல் சுவிட்சைப் போடவும் கூடாது. அதில் பாழாவது கருவி.

1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி தகவலும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை. திருத்தப்பட்ட சட்டம் 2024 ஜூன் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தபின், சில விலக்குகளைத் தவிர எல்லா வேலையிடங்களும் அதன்கீழ் வந்துவிட்டன. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பக் காரணம் இருந்து, அதை முதலாளி அகற்றாவிட்டால், அவ்விடத்தைவிட்டு விலகும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு. ஒருநாள் கூலிக்கு வந்தவர் அதைக் கேட்டுப் பெறுவாரா என்பது வேறு விஷயம்.

எந்த அலைவரிசையில் பேசலாம்?

உடலுக்கு ஆபத்தில்லாத கருவியும் சட்டத்துக்குப் புறம்பாக இருக்கலாம். மலேசியாவில் இதற்கு இரண்டு படிகள் உள்ளன. ஒன்றை முடித்தவர்கள் மற்றதை மறந்துவிடுகிறார்கள்.

முதலாவது, கருவிக்கான சான்று. அலை பரப்பும் எந்தத் தொடர்புக் கருவியும், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி பதிவு செய்த சான்றளிப்பு நிறுவனத்தின் சான்றைப் பெற்றிருக்க வேண்டும். சிரிம் கியூஏஎஸ் அத்தகைய நிறுவனம். சான்று பெற்ற கருவியில் எம்சிஎம்சி முத்திரை இருக்கும். இணையத்தில் மலிவாக வரும் வெளிநாட்டுக் கருவியில் ஐரோப்பிய முத்திரையோ அமெரிக்க முத்திரையோ அச்சிடப்பட்டிருக்கலாம். அவை அந்தந்த நாட்டுக்கானவை. விற்றவர் அவற்றைக் காட்டி 'எல்லா அங்கீகாரமும் இருக்கிறது' என்று சொன்னால், மலேசிய முத்திரை எங்கே என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, அலைவரிசைக்கான ஒதுக்கீடு. புளூடூத், வைஃபை, கைப்பேசி ஆகியவை பொது வகுப்பு ஒதுக்கீட்டில் வருகின்றன. நிபந்தனைக்குள் இருந்தால் தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை. 35 வாட் யுஎச்எப் அலைபரப்பி அப்படி அல்ல. அதற்கு எம்சிஎம்சியிடம் கருவி ஒதுக்கீடு கேட்டு விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, குறிப்பிட்ட அலைவரிசையைப் பெற வேண்டும். ஒதுக்கீடு இல்லாமல் அலைவரிசையைப் பயன்படுத்துவது 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ் குற்றம். அபராதமும் சிறையும் விதிக்க இடமுண்டு.

நடைமுறையில் என்ன நடக்கிறது? கருவியில் முன்கூட்டியே பதிந்து வந்த எட்டு, பத்து அலைவரிசைகள் இருக்கும். அவை கருவி செய்த நாட்டின் ஏற்பாடு. வேலையிடத்தில் ஒன்றில் இரைச்சல் வந்தால், திரையைப் பிடித்திருக்கும் இளைஞர் அடுத்ததற்கு மாற்றுவார். அங்கேயும் யாரோ பேசிக்கொண்டிருந்தால் இன்னொன்று. அவருக்கு அது தொலைக்காட்சிச் சேனல் மாற்றுவது போல. காலியாகக் கேட்கும் அலைவரிசை எல்லாம் காலியானதல்ல என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தந்திருப்பதில்லை.

406 முதல் 406.1 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய பட்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கப்பலும் விமானமும் விபத்தில் சிக்கும்போது உதவி கேட்டு அலறும் அவசரக் கருவிகளுக்காக உலகமெங்கும் அது ஒதுக்கப்பட்டிருக்கிறது. காஸ்பாஸ்-சார்சாட் என்ற அனைத்துலகச் செயற்கைக்கோள் அமைப்பு அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆண்டு முழுவதும் அந்தப் பட்டை அமைதியாகவே இருக்கும். அமைதியாக இருப்பதே அதன் வேலை. 403 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும் அளவை வானொலிகளும் சந்தையில் உண்டு. 'இது காலியாக இருக்கிறது' என்று ஒருவர் 406.05-ஐத் தேர்ந்தெடுத்து 35 வாட்டில் பேசத் தொடங்கினால், கடலில் மூழ்கும் படகின் சில வாட் குரல் அதில் அமுங்கிப்போகலாம்.

எதிர்ப்புறத்திலிருந்து வரும் இடையூறும் உண்டு. 2012-இல் அமெரிக்காவின் நியூவர்க் விமான நிலையத்தில் தரையிறக்கத்துக்கு உதவும் ஜிபிஎஸ் அமைப்பில் கோளாறு தென்பட்டது. தேடிப் பார்த்தபோது, அருகிலிருந்த நெடுஞ்சாலையில் வந்துபோன நிறுவன வாகனம் ஒன்றில் ஜிபிஎஸ் முடக்கி இருந்தது. தான் எங்கே போகிறோம் என்பது முதலாளிக்குத் தெரியக்கூடாது என்று ஓட்டுநர் அதைப் பொருத்தியிருந்தார். அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 31,875 அமெரிக்க டாலர். செயற்கைக்கோள் சமிக்ஞையின் 15 பூஜ்யங்களை நினைத்துப் பார்த்தால், சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் ஒரு சிறு பொருள் விமான நிலையத்தை எப்படித் தடுமாற வைத்தது என்பது புரியும். லோரி ஓட்டும் தம்பிகளுக்கு யாராவது 'டிராக்கர் தெரியாமலிருக்க' என்று சொல்லி அதைக் கொடுத்தால், வாங்காமலிருப்பது அவர்களுக்கும் நல்லது, சாலையோரம் அளந்துகொண்டிருப்பவருக்கும் நல்லது.

அலையைவிடப் பெரிய ஆபத்துகள்

அளவை வேலையில் உயிரைப் பறிக்கக்கூடியவற்றை வரிசைப்படுத்தினால், வானொலி அலை கடைசியில்தான் வரும். கோல் பெரும்பாலும் கரிம இழையால் ஆனது. இலேசாக இருப்பதால் அது பிளாஸ்டிக் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கரிம இழை மின்சாரத்தைக் கடத்தும். உயர்த்தி வைத்த ஆண்டெனாக் கம்பமோ அலுமினியம். மின்கம்பிக்குக் கீழே கோலை நீட்டுவதும், கம்பத்தை நிமிர்த்துவதும் தொட்டாலே கொல்லும் விளையாட்டு. உயர் அழுத்தக் கம்பியாக இருந்தால் தொடக்கூட வேண்டியதில்லை. ஆண்டெனாவை உயர்த்துங்கள் என்று மேலே சொன்ன யோசனைக்கு இது ஒரு கட்டுப்பாடு: முதலில் தலைக்கு மேலே பார்க்க வேண்டும். பிற்பகல் இடி முழங்கத் தொடங்கியதும் திறந்தவெளியில் கோலோடு நிற்பதும் அதே வகை.

கல்லுடைப்புக் குவாரியில் அளக்கப் போகிறவர்களுக்கு மட்டும் அலையே பெரிய ஆபத்தாக மாறலாம். மின்சாரத்தால் வெடிக்கும் டெட்டனேட்டர்களின் கம்பிகள் ஆண்டெனாபோல் செயல்பட்டு, அருகிலுள்ள வலுவான அலைபரப்பியின் சக்தியை உறிஞ்சிக்கொள்ளக்கூடும். குவாரி வாசலில் 'வானொலிக் கருவிகளை அணைக்கவும்' என்று எழுதியிருப்பது கைப்பேசிக்கு மட்டும் அல்ல. வெடிமருந்துப் பொறுப்பாளரிடம் கேட்காமல் அங்கே நிலையக் கருவியை இயக்கக் கூடாது.

கோலைத் தோளில் சாய்த்து, கிண்ணம் காதோரம் வரும்படி நடக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். மோடம் உள்ள கருவிகளின் கையேட்டில் உடலிலிருந்து 20 சென்டிமீட்டர் என்று குறிப்பிடுவது வழக்கம். லைன் மெலிந்த இடத்தில்தான் மோடம் தன் முழுச் சக்தியையும் செலவிடும் என்பதால், உட்புறத் தோட்டங்களில் இது கூடுதலாகப் பொருந்தும்.

வேலைக்குச் சேரும் இளைஞர் முதல் நாளே கேட்டுவிடக்கூடியவை சில உண்டு. எத்தனை வாட்டில் ஒலிபரப்புகிறோம், ஒதுக்கீட்டுக் கடிதத்தில் என்ன அலைவரிசை எழுதியிருக்கிறது, அதன் நகல் வண்டியில் இருக்கிறதா, ஜாகா பார்ப்பவர் எங்கே உட்காருகிறார். முத்திரையை அவரே தேடிப் பார்க்கலாம். கருவியின் வெளிப்புறத்தில் காணவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். சில கருவிகளில் அது அங்கேதான் ஒட்டப்பட்டிருக்கும்.